மேல்தளத்துத் தொட்டி

சனிக்கிழமை காலை என்றால் ஜுரேமா தண்ணீர் ஃபில்டரின் கேண்டிலைத் தேய்ப்பாள். மண் ஃபில்டரின் மேல்சட்டியைத் தூக்கிக் கவிழ்த்து, அடியில் இருக்கும் மரையைக் கழற்றி, வெள்ளைக் கேண்டிலை வெளியே எடுத்து, ஈரக் கையில் ஒரு பிடி சர்க்கரையை அள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அந்தச் சரசரப்பு பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும். ரெசிஃபி நகரத்தின் அந்த மேட்டில் எல்லோரும் சர்க்கரை போட்டுத்தான் தேய்ப்பார்கள். சோப்பு என்றால் நெடி உள்ளே ஏறிக்கொள்ளும், உப்பு என்றால் கரிக்கும், சர்க்கரை கரைந்து போய்விடும் என்பது அங்கே பெண்களுக்குள் பேச்சு. மற்றவர்கள் ஞாபகம் வந்தபோது தேய்த்தார்கள். ஜுரேமா ஒரு வாரம்கூட விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்த வாரத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து தேய்த்தாள்.

அம்மா உயிரோடு இருந்தவரை அவளும் ஞாபகம் வந்தபோது தேய்த்தவள்தான்.

அம்மா வயிற்றுப்போக்கில் படுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய், உயிரோடு திரும்பி வரவில்லை. குடலில் கிருமி என்றார் டாக்டர். எங்கிருந்து வந்த கிருமி என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அம்மாவை முன்னறையில் கிடத்தி அக்கம்பக்கம் எல்லாம் கூடியிருந்தபோது, தம்பி ஒசியெல் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனான். போனவன் ஃபில்டரின் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறான். கேண்டிலைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தான். அதன்மேல் பச்சையாக, வழவழவென்று பாசி. அதைச் சவப்பெட்டிக்கு மேலாகத் தூக்கிப் பிடித்து, "இந்தத் தண்ணியத்தான் அம்மாவுக்குக் குடுத்தியா நீ" என்று கேட்டான். அதட்டிக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டான். ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன.

அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. அவள் கீழ்வீட்டில், அவன் அதன் தலைமேல் எழுப்பிய வீட்டில். அவனுக்கு வெளிப்படிக்கட்டு தனி. ஒருவர் நடக்கும் சத்தம் மற்றவருக்குக் கேட்கும், இருமினால் கேட்கும், ரேடியோவில் என்ன ஓடுகிறது என்றுகூடக் கேட்கும். பேச்சு மட்டும் கிடையாது. அக்கம்பக்கத்தில் யாரும் அவளிடம் முகம் கொடுக்காமல் போகவில்லை. ஆனால் அவள் வீட்டுக்கு வந்தால் காப்பி குடிப்பார்களே தவிர, தண்ணீர் கேட்கமாட்டார்கள். காப்பி கொதித்த தண்ணீர் அல்லவா. தல்வினா சித்தி, அம்மாவின் சொந்தத் தங்கை, வெயிலில் மேடேறி வந்து மூச்சிரைக்க உட்கார்ந்தாலும், "தாகமெல்லாம் இல்லம்மா" என்பாள். பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சோறு பொங்குகிறவள் ஜுரேமா. அந்த ஒரு வார்த்தை அவளுக்குள் எங்கே போய் உட்கார்ந்துகொள்ளும் என்று சித்திக்குத் தெரியாது.

அவர்கள் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது தண்ணீர்க் குழாய்தான். தெருக்குழாய் ஜுரேமாவின் முற்றத்துக்குள் நுழைந்து, அங்கே ஒரு திருகுகுழாயைக் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்து மேலே ஏறி, ஒசியெல் வீட்டுக் கூரைத்தளத்திலிருந்த நீலத் தொட்டியில் விழும். தொட்டியிலிருந்து இரண்டு வீட்டுக்கும் இறங்கும். இந்த மேட்டுக்குத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். வருகிற நாளில் தொட்டியை நிரப்பிக்கொண்டு அடுத்த முறை வரை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

ஒரு முறை தண்ணீர் வந்தபோது தொட்டி நிரம்பியும் நிற்கவில்லை. வழிகுழாய் கொட்டித் தீர்த்தது. ஜுரேமாவின் படுக்கையறைச் சுவர் நனைந்து, சுண்ணாம்பு பாளம் பாளமாகப் பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. மேட்டுத் தெருப் படிக்கட்டுக்கு மேலே குடியிருப்பவர்கள், அழுத்தம் இல்லாமல் தங்கள் வீட்டுக்கு ஒரு சொட்டும் ஏறாதவர்கள், வீணாய் ஓடுகிற தண்ணீரைப் பார்த்து வயிறெரிந்தார்கள்.

நடுவில் மார்லூசி இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, வாய் ஓயாதவள். ஒசியெல் வீட்டுப் படிக்கட்டின் பாதியில் நின்றுகொண்டு மேலேயும் கீழேயும் செய்தி சொல்வது அவள் வேலை. மிதவைப் பந்து ஓட்டையாகி அதற்குள் தண்ணீர் புகுந்து முழுகிவிட்டதாம். மூழ்கின பந்து வால்வை எப்படி மூடும். ஒசியெலுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி இன்னும் தையல் காயவில்லை, தளத்தில் ஏறிக் குனிந்தால் பிரிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஆள் கூப்பிட்டால் கூலி கேட்கிறானாம், அதுவும் அடுத்த வாரம்தான் வருவானாம். இதையெல்லாம் கொண்டுவந்து இறக்கிவிட்டு, முந்தானை இல்லாத குறைக்கு ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் சேந்து எனக்கு ஒரு சம்பளம் போட்டுக் குடுங்க. தபால்காரனுக்காவது ஞாயித்துக்கிழம லீவு உண்டு."

"நான் மாத்துறேன்னு சொல்லு" என்றாள் ஜுரேமா.

"நீயா? மேல ஏறியா?"

"அவன் வீட்டு வழியாத்தான் ஏறணும். கதவத் திறந்து வைக்கச் சொல்லு. அது போதும்."

மார்லூசி ஏப்ரனை உதறிக்கொண்டு படியேறிப் போனாள்.

குழாய் வேலை ஜுரேமாவுக்குப் புதிதில்லை. ஒழுகுகிற குழாய்க்குப் பழைய ரப்பர்ச் செருப்பிலிருந்து வட்டமாக வாஷர் வெட்டிப் போடுவாள். உடைந்த பிளாஸ்டிக் குழாயை அடுப்புத் தீயில் காட்டி, இளகினதும் இன்னொரு குழாயின் முனையை அதில் சொருகி, ஈரத் துணியைச் சுற்றி ஆறவிட்டு இணைப்பு பண்ணுவாள். காசு கொடுத்து இணைப்பு வாங்குவது வெட்டிச் செலவு என்று நினைக்கிறவள். ஆனால் மிதவை வால்வைச் செருப்பில் வெட்ட முடியாது. கடைக்குப் போனாள். அரை அங்குல மிதவை ஒன்று, மரையில் சுற்ற வெள்ளை டேப் ஒரு சுருள். கல்லா மேசையில் கேண்டில்கள் அடுக்கியிருந்ததைப் பார்த்து, யோசித்து, அதிலும் ஒன்று வாங்கினாள்.

வீட்டுக்கு வந்து புதுக் கேண்டிலை மாட்டுவதற்காகப் பழையதைக் கழற்றினாள். இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். அப்புறம்தான் பார்த்தாள். புதியது தடித்து, தோள் உருண்டு நின்றது. பழையது இடுப்பு ஒடுங்கி, நோயாளி மாதிரி நின்றது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது ஒரு பக்கம் முட்டை ஓட்டில் தெரிவதுபோல் வெளிச்சம் கசிந்தது. புது அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். மெத்தென்ற பஞ்சாலும் வெறும் தண்ணீராலும் மட்டும் கழுவவும். சோப்பு, உப்பு, சர்க்கரை போட்டுத் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் சுவர் மெலிந்து கிருமியைத் தடுக்காது.

அப்படியானால் முன்பு தேய்க்காமல் விட்டதும் தப்பு, பிறகு தேய்த்துத் தேய்த்து வந்ததும் தப்பு. அவள் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை தோறும் அவள் தேய்த்தது கேண்டிலை அல்ல என்பது அவளுக்கு எப்போதுமே தெரியும். எதைத் தேய்த்தாளோ அது போகவும் இல்லை. போனது கேண்டில்தான். மேலே ஒசியெல் அடி வைத்து நடப்பது கேட்டது. அறுவைக்குப் பிறகு அவன் நடை மாறியிருந்தது. ஒரு காலை இழுத்துவைத்தான். இதை அவன் கையில் கொடுத்தால் இன்னொரு தடவை தூக்கிப் பிடிப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில், ஸ்பானரும் டேப்பும் மிதவையும் போட்ட வாளியோடு படியேறினாள். கதவு திறந்திருந்தது. ஒசியெல் சமையலறையில் வயிற்றுக்குக் கட்டின பெல்ட்டோடு நின்றிருந்தான். அவளைப் பார்த்து ஒதுங்கினான். தளத்துக்குப் போகும் ஏணியைக் காட்டினான். அவளும் தலையசைத்துவிட்டு ஏறினாள். அவனும் வேண்டாமென்று டாக்டர் சொன்னதையெல்லாம் மறந்து, ஏணிக்கம்பி ஒவ்வொன்றாகப் பிடித்து, பின்னாலேயே வந்து தளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டான்.

தொட்டியின் மூடி புதியதாக இருந்தது. தொட்டி பழையது, மூடி மட்டும் புதிது. காற்று தூக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்கும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டி, மேலே செங்கல் வைத்திருந்தது. வழிகுழாயின் வாயில் நைலான் காலுறையைத் துண்டாக வெட்டி இழுத்துக் கட்டியிருந்தது, கொசுகூட நுழையாதபடி. பக்கத்துச் சுவரில் ஆணியடித்து, ஒரு மெத்தென்ற பிரஷ், ஒரு துணி, வெளுப்புத் திரவம் ஒரு பாட்டில். மூன்றையும் தனியாகப் பையில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தது. ஜுரேமா கம்பியை அவிழ்த்து மூடியைத் தள்ளினாள். சேறும் பாசியும் இருக்கும் என்று மூக்கைத் தயார் பண்ணிக்கொண்டுதான் குனிந்தாள். உள்ளே அடிவரைக்கும் நீலம். போட்ட ஊசி தெரியும்.

வாங்கின சட்டையைக் கிழிகிற வரைக்கும் துவைக்காதவன் ஒசியெல். தின்ற தட்டை அம்மா எடுத்துக் கழுவித்தான் பழக்கம். அவன் தொட்டி இது. அவளுக்கு மெல்ல மெல்ல வேறொன்று புரிந்தது. அவ்வப்போது அவள் குழாயில் வெளுப்பு நெடியோடு தண்ணீர் வரும். ஒருமுறை ஊறவைத்த பீன்ஸ் முழுவதையும் அதனால் கொட்டினாள். சொல்லாமல் கொள்ளாமல் வேண்டுமென்றே செய்கிறான், மேலிருந்தபடி அம்மா சாவைக் குத்திக்காட்டுகிறான் என்றுதான் நினைத்துவந்தாள். அவன் தொட்டி கழுவியிருக்கிறான்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே கையை விட்டு, பழைய வால்வின் நட்டில் ஸ்பானரைப் போட்டாள். இறுகியிருந்தது. தோள்வரை தொட்டிக்குள் போனாள்.

"அக்கா."

பிளாஸ்டிக் தொட்டிக்குள் அவன் குரல் தூரத்துக் குரல் மாதிரி விழுந்தது. அவள் நட்டை விடவில்லை.

"அம்மாவோட ஏழாம் நாள் பூசை முடிஞ்ச மறுநாள் நான் இந்தத் தொட்டியத் தொறந்தேன்."

ஸ்பானர் நின்றது.

"பழைய மூடி ஒரு பக்கம் ஒடஞ்சு கெடந்துது. ரொம்ப நாளாவே அப்படித்தான் கெடந்துது. எனக்குத் தெரியும். பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்." நிறுத்தினான். "உள்ள ஒரு திம்பு செத்துக் கெடந்துது. பெருச்சாளி மாதிரி, வயித்துல பையோட ராத்திரி கூரைமேல ஓடுமே, அது. எப்ப விழுந்துச்சோ. ஊறிப்போய், முடியெல்லாம் கழண்டு கெடந்துது."

ஜுரேமா தலையை வெளியே எடுக்கவில்லை. தண்ணீருக்குள் அவள் கை வெளிறித் தெரிந்தது. தொட்டிக்கு அடியில் எங்கோ ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அவன் மூச்சு விடுவது கேட்டது. மேட்டின் அடியில் பஸ் ஒன்று திரும்பிப் போயிற்று.

"அம்மா குடிச்சது ஃபில்டர் தண்ணிதான" என்றாள் கடைசியில்.

"அப்படித்தான் நானும் எனக்கே சொல்லிப் பாத்தேன். கேண்டில் நல்லா இருந்திருந்தா தடுத்திருக்கும், அதனால தப்பு உன்னோடதுதான்னு. ஆனா பல்லு தேய்க்கிறது, காய் கழுவுறது, தட்டு கழுவுறது எல்லாம் எந்தத் தண்ணி? இந்தத் தண்ணிதான. எதுன்னு யாரால சொல்ல முடியும்."

"யாராலயும் முடியாது."

"முடியாது."

"முடியாதுன்னு தெரிஞ்சும் இத்தன நாளு என்னைச் சொமக்க விட்டே."

அவன் பெல்ட்டின் முனையை இழுத்து இறுக்கினான்.

நட்டு ஒருவழியாக அசைந்தது. அவள் பழைய வால்வைக் கழற்றினாள். தண்ணீர் நிறைந்த பந்தைத் தளத்தில் வைத்தாள். அது உருளாமல் கனத்து உட்கார்ந்தது. புது வால்வின் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றினாள். இறுக்கமாக, மரை போகும் பக்கமாக, பல்லால் கடித்து அறுத்து. வால்வைப் பொருத்தி, நட்டை இறுக்கி, பந்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ஏறினால் மூடியது, இறங்கினால் திறந்தது. கம்பியைக் கொஞ்சம் கீழே வளைத்தாள், தொட்டி விளிம்பு தொடுவதற்குள் நிற்கட்டும் என்று. மூடியைப் போட்டு, கம்பியைக் கட்டி, செங்கல்லை இருந்த இடத்திலேயே வைத்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். தாடியில் நரை வந்திருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை.

"அன்னைக்கு அந்தக் கேண்டில எங்க வெச்சுத் தூக்கிக் காமிச்சே?"

"அக்கா…"

"யாரெல்லாம் இருந்தாங்க?"

"எல்லாரும் இருந்தாங்க."

"அவங்க எல்லாரும் தண்ணி வர்ற அன்னைக்கு என் முத்தத்துக்குத்தான் வாளியத் தூக்கிட்டு வருவாங்க. வந்து சொல்லு."

"சொல்லலேன்னா?"

அவள் வாளியை எடுத்துக்கொண்டாள். "சொல்லலேன்னா என்ன. எப்பவும் போல நான் கீழ இருப்பேன், நீ மேல இரு."

தண்ணீர் வரும் நாள் காலையில் முற்றத்துக் குழாய் முதலில் குறட்டை விட்டது. பிறகு காற்றைத் துப்பியது. அப்புறம் செந்நிறமாகக் கொஞ்சம் வந்து, தெளிந்து, கயிறு போல விழ ஆரம்பித்தது. தெருப் படிக்கட்டுக்கு மேலிருந்து பெண்கள் வாளி, டப்பா, குழந்தை குளிப்பாட்டும் தொட்டி என்று கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மார்லூசி வழக்கம்போல வரிசையை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று தன் வாளியை முன்னால் தள்ளிவைத்தாள். தல்வினா சித்தி கொடிப்பந்தல் நிழலில் நின்று, மேலே புதுமிதவை தண்ணீரை நிறுத்துமா நிறுத்தாதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஜுரேமா குழாயடியில் குந்தியிருந்து நிரம்பின வாளியை நகர்த்தி அடுத்ததை வைத்துக்கொண்டிருந்தாள். மேலே பார்க்கவில்லை. வருவான் என்று அவள் நம்பியிருக்கவில்லை. வந்தால் என்ன ஆகும் என்றும் அவள் முழுக்க யோசித்திருக்கவில்லை.

வெளிப்படிக்கட்டில் ஒரு காலை இழுத்துவைக்கும் சத்தம் கேட்டது.

ஒசியெல் கைப்பிடியைப் பிடித்துப் படிப்படியாக இறங்கி வந்தான். முற்றத்துக்கு வந்து சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டான். "தையல் பிரிக்கவா எறங்கி வந்தே, மேலயே கெடக்க வேண்டியதுதான" என்று மார்லூசி வாயெடுத்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. தல்வினா சித்தியைப் பார்த்துத்தான் சொன்னான். அம்மாவின் ஏழாம் நாள் பூசைக்கு மறுநாள் திறந்தபோது தொட்டிக்குள் திம்பு செத்துக் கிடந்தது. மூடி உடைந்தது தெரிந்தும் விட்டவன் நான். அக்காவைச் சொன்னது எல்லோருக்கும் முன்னால், இதைப் பார்த்தது யாருக்கும் தெரியாமல். இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. சொல்லி முடித்ததும் குழாயிலிருந்து விழும் தண்ணீர்ச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஐயோ பாவம், இத்தனை நாளு மனசுக்குள்ளயே வெச்சிருந்தியா. பெத்தவளாச்சே, எப்படித் தாங்கினியோ. ஒரு பெண் அழுதாள். தல்வினா சித்தி அவன் தோளைப் பிடித்து, உடம்பு நடுங்குதுடா, நிக்காதே என்றாள். மார்லூசி ஜுரேமாவின் வீட்டுக்குள் ஓடி ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து, தரையைக் காலால் தள்ளிச் சமமாக்கிப் போட்டு, அவனை மெதுவாக உட்கார வைத்தாள். இன்னொருத்தி தலையணை கொண்டுவரப் போனாள்.

ஜுரேமா குழாயடியிலேயே குந்தியிருந்தாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. நெஞ்சில் இருந்த கனம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். அது இறங்கியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் வேறொன்று வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அவள் எழுந்து நின்றாள்.

"அன்னைக்கு எனக்கு யாரும் நாற்காலி போடல" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. ஆனாலும் முற்றத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. மார்லூசியின் கை நாற்காலி முதுகில் இருந்தபடி அப்படியே நின்றது. குழாயடியில் வாளி நிரம்பி வழிந்தது. தண்ணீர் வீணாய்ப் போகிறதே என்று யாரும் சொல்லவில்லை.

ஒசியெல் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு எழுந்தான். யாரும் தாங்கவில்லை, அவனும் யாரையும் தொடவில்லை. நாற்காலியைவிட்டு ஓரடி தள்ளிப் போய்ச் சுவரோரம் நின்றான்.

ஜுரேமா நாற்காலியில் உட்காரவில்லை. அவனை உட்காரவும் சொல்லவில்லை. குனிந்து நிரம்பின வாளியை நகர்த்தினாள், அடுத்ததை வைத்தாள். வரிசை நகர்ந்தது. கடைசி வாளி நிரம்புகிற வரைக்கும் அவன் நின்றுகொண்டே இருந்தான்.